விசிறி டிரைவரும் முதல் பொன்னாடையும்

தென்காசி மாவட்டத்துப் பெருமக்களும், சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்கும் வெளியூர் அன்பர்களும், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அருவிக்கரை வரிசையில் நிற்பவர்களும், தலையைத் துவட்டிக்கொண்டாவது ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய மகத்தான செய்தி ஒன்று உண்டு. ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், சாரல் விட்டும் விடாமலும் இருந்த காலை நேரத்தில், குத்துக்கல்வலசையில் இன்னும் வெள்ளையடிக்காத ஒரு வீட்டின் மாடியில், உலகத்துக் கணினிகளின் எதிர்காலத்தோடு நேரடித் தொடர்புடைய கேள்வி ஒன்று எழுந்தது. மனித குலம் அதுவரை கேட்டறியாத கேள்வி அல்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எல்லா வீட்டிலும் எழுவதுதான். யார் பேரை முதலில் போடுவது?

மாடியில் உட்கார்ந்திருந்தவள் சங்கரேஸ்வரி. நாற்பதைத் தொடப்போகிறவள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. டேட்டா என்ட்ரி என்று எதிர்வீட்டில் முடிவுசெய்து வைத்திருந்தார்கள். உண்மையில் அவள் பார்த்தது கெர்னல் வேலை. ஒரு கணினியில் மற்றதெல்லாம் கண் விழிக்கும் முன்னால் விழித்து, யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்று பங்கு பிரித்துக்கொடுக்கிற அடித்தட்டு நிரலுக்குக் கெர்னல் என்று பேர். திறந்த மூலம் என்பதால் அதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், யாரும் அடுத்தவனைத் திட்டலாம். உலகம் முழுக்கச் சில நூறு பராமரிப்பாளர்கள் ஆளுக்கொரு பகுதியை வைத்துக்கொண்டு, தங்கள் திருத்தங்களை ஆளுக்கொரு கிளையில் சேர்த்து வருவார்கள். இந்தக் கிளைகளையெல்லாம் தினமும் காலையில் ஒன்றாக இழுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு சோதனை மரமாகக் கட்டி, யார் திருத்தம் யார் திருத்தத்தின் காலை மிதிக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சங்கரேஸ்வரி. மரத்தை வெளியிட்டதும் உலகத்து ரோபோக்கள், அதாவது தானாக ஓடும் சோதனை நிரல்கள், அதைப் பிடுங்கிச் சோதிக்கும். மறுநாள் காலையில் அவ்வளவையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். தினமும் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோலம் போடுகிறவர்கள் இதற்காக ஆங்கிலத்தில் அறிக்கை விடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வேலை அவளுடையது அல்ல. வழக்கமாகச் செய்கிறவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவள் பணிபுரியும் நிறுவனம் ஐரோப்பாவில் கோடை முடியும்வரை செய்து பார் என்று அவளிடம் கொடுத்திருந்தது. ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். குத்துக்கல்வலசை மாடியிலிருந்தே பார்க்கலாம். இல்லையென்றால் பெங்களூர் அலுவலகத்தில் பழைய நாற்காலி காத்திருக்கிறது. அவள் கணவன் பாண்டி போலீஸ்காரன். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் ஒரு ஊர், அவள் ஒரு ஊர் என்று ஓடி, இந்த வருஷம்தான் அவனுக்குப் புளியறை சோதனைச்சாவடிக்கு மாற்றல் கிடைத்தது. ஒரே வீட்டில் இருவரும் சேர்ந்தாற்போல் காபி குடிக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு இன்னும் பழகவில்லை. அந்தக் காபிதான் இப்போது பணயத்தில் இருந்தது.

மேலாளர் ஓஸ்லோவில் இருக்கிற ஒரு அம்மாள். அவர் போட்டிருந்த விதி ஒன்றே ஒன்று. இணைக்கிறவர் இணைக்க மட்டும் வேண்டும். இரண்டு கிளை மோதினால் குறைந்தபட்சமாகச் சரிசெய்துவிட்டு, சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் பொதுவில் மெயில் போட வேண்டும், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி; தீராவிட்டால் இரண்டையும் வெளியே நிறுத்த வேண்டும். சொந்தச் சரக்கை உள்ளே கலக்கக் கூடாது. சங்கரேஸ்வரிக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. நீதிபதி நாற்காலி மாதிரி இருக்கிறது என்று பாண்டியிடம் சொல்லிச் சொல்லி, அவன் அவளை "யுவர் ஆனர், தோசைக்குச் சட்னியா, பொடியா" என்று கேட்கும் அளவுக்குப் போயிருந்தது.

அந்த நாற்காலிக்கு வந்த சோதனை ஒரு டிரைவர். லாரி ஓட்டுகிறவர் அல்ல. ஒரு சிப்புக்கும் கெர்னலுக்கும் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்கிற சின்ன நிரல். சர்வர் சூடானால் விசிறியை வேகமாகச் சுற்றச் சொல்லும் ஒரு சிப், அதற்கான டிரைவர். எழுதிய பின்லாந்துக்காரர் ஆடு வளர்க்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார். கெர்னலுக்குள்ளேயே ஒரு கோப்பு உண்டு: எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயரும் மெயிலும் போட்டிருக்கும். விசிறி டிரைவருக்கு நேரே 'அநாதை' என்று போட்டிருந்தது. பல வருஷமாக அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று ஒரே வாரத்தில் அதற்கு இரண்டு தகப்பன்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தென்காசி.

முதல் தகப்பன் மகாதேவன். சன்னதித் தெருவில் பழைய வீடு, குற்றாலத்தில் புது பங்களா, நடுவில் இருபது வருஷம் கலிபோர்னியா. வெப்பநிலை அளக்கும் டிரைவர்களுக்கெல்லாம் பராமரிப்பாளர். 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'கம்யூனிட்டி' என்று சொல்லுவார். "கம்யூனிட்டிக்கு இன்னிக்குக் கொஞ்சம் தலைவலி" என்று அவர் ஒரு தடவை சொன்னதை சங்கரேஸ்வரியே கேட்டிருக்கிறாள். அவளுக்கு முதல் வேலை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

இரண்டாம் தகப்பன் சுந்தரபாண்டியன். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்து இப்போது சென்னை சிப் கம்பெனி ஒன்றில் பெரிய பதவி. விசிறி, மோட்டார் வகையறாக்களுக்குப் பராமரிப்பாளர். மெயிலுக்கு 'டிஸ்பாட்ச்' என்றும், பிழைக்கு 'ஊடுருவல்' என்றும் பேர் வைத்திருந்தார். அவர் சங்கரேஸ்வரிக்குத் தாய்மாமன் மகன், அத்தான் முறை. பாண்டியின் புளியறை மாற்றலுக்கு எங்கெங்கோ பேசி முடித்துக் கொடுத்தவர் இந்த அத்தான்தான்.

சூடு அளப்பது மகாதேவன் பகுதி, விசிறி சுற்றுவது சுந்தரபாண்டியன் பகுதி, ஆகவே இருவருக்கும் பாத்தியதை உண்டு. நிரலில் சண்டை இல்லை. இருவரும் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. 'அநாதை' என்ற வரியை எடுத்துவிட்டுப் பெயர் போட்டதுதான் திருத்தம். மகாதேவன் கிளையில் மகாதேவன் மேலே, சுந்தரபாண்டியன் கீழே. சுந்தரபாண்டியன் கிளையில் சுந்தரபாண்டியன் மேலே, மகாதேவன் கீழே.

இவ்வளவு அக்கறை திடீரென்று எங்கிருந்து வந்தது என்றால், குற்றாலத்திலிருந்து வந்தது. இருவரும், பின்னால் சங்கரேஸ்வரியும், படித்த பொறியியல் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், சீசன் தோறும் குற்றாலத்தில் கூடி, குளித்து, சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வது வழக்கம். சென்ற வருஷம் பொன்னாடை வரிசையில் குழப்பமாகி, இரண்டு பேர் சாப்பிடாமல் போய்விட்டார்கள். சங்கத்தின் நிரந்தரத் தலைவர் பேராசிரியர் வல்லிநாயகம், ஓய்வுபெற்ற எலெக்ட்ரானிக்ஸ் துறைத்தலைவர், இந்த முறை தகராறுக்கே இடமில்லாமல் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். உலகக் கெர்னலில் எந்தப் பழைய மாணவர் பெயர் மேலே இருக்கிறதோ, ஞாயிற்றுக்கிழமை விழாவில் அவருக்கே முதல் பொன்னாடை. இருவர் பெயரும் ஒன்றாக வரக்கூடிய ஒரே இடம் விசிறி டிரைவர்தான். ஆதாரமாக அந்தக் கோப்பின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி பிளெக்ஸில் அடிக்க வேண்டும். பிளெக்ஸ் அடிக்கிற முஃபீத், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் படம் வரவில்லையென்றால் தன்னால் முடியாது, சீசன் நேரம், ஓட்டல் ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கெர்னலின் மூல மரமும் புதுத் திருத்தங்களுக்குக் கதவைத் திறக்கிற நாள். சோதனை மரத்தில் ஒழுங்காக உட்கார்ந்தவை மட்டுமே உள்ளே போகும். ஆக, குற்றாலத்துப் பொன்னாடை சங்கரேஸ்வரியின் கையில் இருந்தது.

திங்கட்கிழமை அவள் எப்போதும்போல ஒவ்வொரு கிளையாக இழுத்து வந்தாள். மகாதேவன் கிளை உட்கார்ந்தது. சுந்தரபாண்டியன் கிளையை இழுத்ததும் மெஷின் நின்றுவிட்டது. ஒரே இடத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், எது வேண்டும் என்று நீயே சொல் என்றது. முதலில் வந்தது முதலில் இருக்கட்டும் என்று மகாதேவனை மேலே வைத்துவிட்டு அவள் அடுத்த கிளைக்குப் போனாள். பொது மெயிலில் ஒரு குறிப்பும் போட்டாள். நீதி வழங்கியாயிற்று.

மரத்தை வெளியிட்டுவிட்டுக் கீழே இறங்குவதற்குள் போன் வந்தது.

"ஏட்டி சங்கரி, உனக்கு நான் அத்தானா, அந்தக் கலிபோர்னியாக்காரன் அத்தானா?"

"கிளை வரிசையில அவுக முதல்ல வந்தாவ அத்தான். அது மெஷின் வச்ச வரிசை."

"மெஷினுக்கு உறவு தெரியாது. உனக்குமா தெரியாது? நான் ஒண்ணும் கேக்கலை. பாண்டி டூட்டிக்குப் போயிட்டானா? புளியறை சௌகரியமா இருக்கா? அதைக் கேக்கத்தான் போன் போட்டேன்."

அடுத்து அவள் அம்மா போன் போட்டாள். என்ன பிரச்சினை என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அண்ணன் மகனைச் சபையில் இரண்டாவதாக நிறுத்திவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. எந்தச் சபை என்று சங்கரேஸ்வரி கேட்டதற்கு, "எந்தச் சபையா இருந்தா என்னட்டி" என்று அம்மா வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மெஷின் மறுபடி நின்றது. அவள் நன்றாக யோசித்து, மோட்டார் சுற்றுவதே டிரைவரின் முதன்மையான நோக்கம் என்ற தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டுபிடித்து, அத்தானை மேலே வைத்தாள். நீதிபதிக்குக் காரணம் கிடைக்காமலா போகும்.

மத்தியானம் மகாதேவனின் மனைவி உமா மகேஸ்வரி காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கூடை மங்குஸ்தான். தோட்டத்தில் காய்த்தது, வீணாகப் போகிறதே என்று எடுத்து வந்ததாகச் சொன்னாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னல் நல்ல காற்று என்றாள், வெள்ளை எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்றாள். பழத்தை அவளே உடைத்துச் சங்கரேஸ்வரியின் கையில் கொடுத்தபிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அவுக ஒண்ணும் சொல்லலைம்மா. நேத்துலேர்ந்து ரொம்ப சந்தோசமா இருந்தாவ. இன்னிக்குக் காலையில கம்ப்யூட்டரைப் பாத்தாவ. இட்லி வேண்டாம்னுட்டாவ. அவ்வளவுதான்."

"மேடம், இது தினம் மாறுறது. நாளைக்கு..."

"கீழப்பாவூர் போயி நரசிம்மருக்குப் பானகம் வச்சு, அவுக பிராஞ்ச் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டுத்தான் இங்கன வாரேன்."

"பிராஞ்ச் பேருக்கா?"

"பட்டர் நட்சத்திரம் கேட்டாரு. கிளை பிரிச்ச தேதியை இவுக எழுதிக் குடுத்துருந்தாவ. பாத்தா சுவாதி. சாமி நட்சத்திரமே அதுதானேன்னு பட்டருக்கு அவ்வளவு சந்தோசம்." உமா மகேஸ்வரி இன்னொரு பழத்தை உடைத்தாள். "உனக்கு மொத வேலை கிடைச்சப்போ நீ பாவாடை தாவணியில வந்து எங்க வீட்டுல நின்னது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கு."

கணினி வேலைக்கு யாரும் பாவாடை தாவணியில் போனதில்லை, சங்கரேஸ்வரியும் போகவில்லை. ஆனால் மங்குஸ்தான் வாய்க்குள் இருக்கும்போது எதை மறுப்பது?

விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வாருங்கள், அதுவரை இரண்டு திருத்தமும் வெளியே இருக்கட்டும் என்று பொதுவில் இரண்டு வரி எழுத வேண்டும். அதை அவள் எழுதினாள். எழுதிவிட்டு வாசித்தாள். அத்தானை வெளியே நிற்கச் சொல்லும் மெயிலை அம்மா எப்படியும் கேள்விப்படுவாள். மகாதேவனை வெளியே நிற்கச் சொல்லும் மெயிலை இட்லி சாப்பிடாமல் மகாதேவன் படிப்பார். உலகத்திலேயே நடுநிலையான அந்தப் பெண்மணி மெயிலை அழித்துவிட்டுக் கீழே போய்ப் பாண்டியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

பாண்டி சோதனைச்சாவடியிலிருந்து வரும்போது பரோட்டா பொட்டலம் வாங்கி வந்திருந்தான். அதைப் பிய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். கெர்னல் என்றால் என்ன என்று இதுவரை பலமுறை அவள் விளக்கியும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. இந்தப் பிரச்சினை உடனே பிடிபட்டது.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு கார்டு அடிக்கும்போது பெரிய சித்தப்பாவும் மாமாவும் அடிச்சுக்கிட்டாவளே, ஞாபகம் இருக்கா? என்ன பண்ணுனோம்?"

"யாரோ ஒரு ரிட்டையர்டு தாசில்தார் பேரைப் போட்டீய."

"எல்லாருக்கும் மேல போட்டோம். முன்னிலைன்னு. ரெண்டு பேரும் வாயைத் தொறக்கலையே. அவரு யாருன்னே எங்க யாருக்கும் தெரியாது. எதிர்த்துப் பேச முடியாத ஆளா ஒருத்தரை மேல தூக்கி வச்சுரு. கீழ இருக்கவன் ரெண்டு பேரும் சமம் ஆயிருவான்."

"அது கல்யாண கார்டு. இது கெர்னல்."

"ரெண்டும் பேரு போடுத இடந்தானட்டி."

அவள் சிரித்தாள். படுக்கும்வரை சிரித்தாள். புதன்கிழமை காலையில் மெஷின் வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகாதேவனாலும் சுந்தரபாண்டியனாலும் எதிர்த்துப் பேச முடியாத ஒரே மனிதர், இருவரையும் செய்முறைத் தேர்வில் கடைசி நிமிஷத்தில் தேறவைத்த பேராசிரியர் வல்லிநாயகம். அவள் அவர் பெயரையும் மெயில் முகவரியையும் மேலே தட்டினாள். கீழே மகாதேவன், அதற்கும் கீழே சுந்தரபாண்டியன். கிளை வந்த வரிசை. இனி யார் கேட்க முடியும்? இரண்டு கிளையிலும் இல்லாத, தன் வாழ்நாளில் கெர்னலுக்கு ஒரு வரி எழுதாத ஒரு மனிதரை விசிறி டிரைவரின் தலைமைப் பராமரிப்பாளராக நியமித்துவிட்டு, "பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன" என்று குறிப்பு எழுதினாள். மூன்றாவது தகப்பனும் வந்தாயிற்று.

அத்தானிடமிருந்து போன் வரவில்லை. மங்குஸ்தானும் வரவில்லை. மகாதேவன் பொது மெயிலில் ஒரு வரி எழுதினார்: கம்யூனிட்டி மூத்தோரை மதிக்கிறது. சுந்தரபாண்டியன் பதில் எழுதினார்: டிஸ்பாட்ச் பெறப்பட்டது. முஃபீதுக்குப் படம் போயிற்று. புதன்கிழமையே அவள் ஒரு வசதியையும் இயக்கி வைத்திருந்தாள்: ஒரே மோதலை ஒரு முறை தீர்த்துவிட்டால், மறுநாள் அதே மோதல் வரும்போது மெஷின் அந்தத் தீர்ப்பைத் தானே நினைவு வைத்துப் போட்டுவிடும். அதனால் வியாழக்கிழமை மெஷின் நிற்கக்கூட இல்லை. சங்கரேஸ்வரி பாண்டியோடு உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்தாள். சுண்ணாம்பு அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு என்ன நிறம் என்று பேசினார்கள்.

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் போட்ட தாசில்தாருக்கு யாரும் மெயில் அனுப்ப மாட்டார்கள்.

கெர்னலின் அந்தக் கோப்பு மரியாதைக்காக உள்ளது அல்ல. ஏதாவது உடைந்தால் யாரை உதைப்பது என்று ரோபோக்கள் பார்த்துக்கொள்வதற்கானது. விசிறி டிரைவர் அநாதையாக இருந்தவரை அதைப் பற்றிய புகார்கள் போக இடமில்லாமல் கிடந்தன. இப்போது முகவரி கிடைத்துவிட்டது. எச்சரிக்கைகள், கட்டுமானத் தோல்விகள், பல வருஷத்துச் சந்தேகங்கள், எல்லாம் மூன்று பேருக்கும் பறந்தன. மகாதேவனும் சுந்தரபாண்டியனும் அனுபவசாலிகள். ரோபோ மெயில்கள் கண்ணில் படாமல் நேராகத் தனிக்கூடையில் போய் விழும்படி எப்போதோ செய்துவைத்திருந்தார்கள். வல்லிநாயகத்திடம் அப்படிக் கூடை எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவருக்கு வந்த மெயில்களெல்லாம் வங்கியிலிருந்தும் மூட்டுவலித் தைலக் கம்பெனியிலிருந்தும்தான் வந்திருந்தன.

வியாழக்கிழமை மாலை அவர் போன் செய்தார்.

"அம்மா சங்கரேஸ்வரி, ஜெர்மனி, கொரியா, பிரேசில் எல்லா இடத்திலேர்ந்தும் எழுதுதாங்கம்மா. எல்லாம் ஃபெயிலியர், ஃபெயிலியர்னுதான் எழுதுதான். பாவம், பையன்களுக்கு ஒண்ணும் ஓடலை போலிருக்கு. என்கிட்ட வழி கேக்குதான்."

"சார், அது பையன்கள் இல்ல. ரோபோ. நீங்க பதில் போட வேண்டாம்."

"அதெப்படிம்மா. என் மேசைக்கு வந்த ஒரு தாளைக்கூட நான் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பினது கிடையாது."

அது உண்மைதான். முப்பது வருஷத் துறைத்தலைமையில் அவர் முன்னால் நீட்டிய எதையும், சுற்றுலா அனுமதியோ, ஆய்வறிக்கையோ, சில சமயம் கான்டீன் பில்லோ, வாசிக்காமல் ஒரே வாசகம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: பரிசீலித்து, பரிந்துரைத்து, அனுப்பப்படுகிறது. இப்போதும் அதையே செய்தார். ஒவ்வொரு ரோபோவுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியாக, பொது மெயிலில் எல்லாருக்கும் தெரியும்படி, அன்புடையீர் என்று தொடங்கி, ஒப்புதல் தெரிவித்து, ஆசி கூறி முடித்தார். கெர்னல் உலகம் அப்படிப்பட்ட பராமரிப்பாளரைப் பார்த்ததில்லை. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர், ரோபோவுக்கே நன்றி சொல்லும் பண்பாட்டை மெச்சி எழுதினார். அதற்கும் வல்லிநாயகம் பரிந்துரைத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வந்தவற்றில் ஒன்று மட்டும் ரோபோ அனுப்பியது இல்லை. பயன்படாத பழைய டிரைவர்களைக் கெர்னலிலிருந்து அகற்றுவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு போலந்துக்காரர் எழுதியது. இந்த விசிறிச் சிப்பைத் தயாரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது, இது பொருத்தப்பட்ட சர்வர் இன்று எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை, டிரைவரை முழுவதும் நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன், பராமரிப்பாளர் ஒப்புக்கொண்டால் என் கிளையில் சேர்த்துக்கொள்கிறேன். அதே கோரிக்கையை அவர் வருஷக்கணக்கில் அனுப்பிவந்தார். அநாதை டிரைவர் என்பதால் சரி சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது ஆள் இருந்தார். கால் மணி நேரத்தில் பதிலும் இருந்தது: பரிசீலித்து, பரிந்துரைத்து, முழு மனதோடு அனுப்பப்படுகிறது.

சங்கரேஸ்வரி இதைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். விழாவுக்குக் கிளம்பும் முன்னால், கதவு திறக்கும் நாளின் கடைசிச் சோதனை மரத்தைக் கட்ட உட்கார்ந்தபோது மெஷின் நின்றது. இரண்டு கிளைகள் ஒரு டிரைவருக்குப் பெயர் போடுகின்றன, மூன்றாவது கிளையில் அந்த டிரைவரே இல்லை, என்ன செய்ய என்று கேட்டது. போலந்துக்காரர் கிளையில் எல்லாம் முறைப்படி இருந்தது. தலைமைப் பராமரிப்பாளரின் ஒப்புதல் எழுத்து பிசகாமல் ஒட்டியிருந்தது. இதை மறுக்க வேண்டுமென்றால் வல்லிநாயகம் பராமரிப்பாளரே இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், அவரைப் போட்டது யார்?

அவள் டிரைவரை நீக்கினாள். அதோடு அந்த மூன்று பெயர்களும் போயின. மரம் பிரமாதமாகக் கட்டப்பட்டது. அவ்வளவு சுத்தமாக அந்தக் கோடையில் ஒருநாளும் வந்ததில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் இருந்த மண்டபத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது முஃபீதின் பிளெக்ஸ் வாசலை அடைத்து நின்றது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் மூன்று பெயர்கள். சுற்றிலும் மின்னல், பூமி உருண்டை, ஒரு ராக்கெட். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த பழைய மாணவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வல்லிநாயகத்தைத் தேடிப் பிடித்து, மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய், மெதுவாகச் சொன்னாள். அந்த டிரைவர் இனி இல்லை சார். இன்று காலையிலிருந்து இல்லை.

"தெரியுமேம்மா, நான்தானே அப்ரூவ் பண்ணேன்" என்றார் அவர். "பையன் எவ்வளவு பணிவா எழுதியிருந்தான் தெரியுமா."

விழாவில், அவர் எழுதிய தீர்ப்பின்படியே, மேலே இருந்த பெயருக்கு முதல் பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி, எதிர்பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்த உரையை வாசித்தார். பிறகு மகாதேவன் கம்யூனிட்டியைப் பற்றிப் பேச எழுந்தார். சுந்தரபாண்டியன் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் எழுந்துபோய், பேசிக்கொண்டிருந்த மகாதேவனின் கண்ணுக்கு முன்னால் கைபேசியை நீட்டினார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அவர்கள் ஒரே திரையைப் பார்த்துத் தலையாட்டியது அநேகமாகக் கல்லூரி நாட்களுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மகாதேவன் ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்யூனிட்டி எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்று சொல்லி, நன்றி கூறி உட்கார்ந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. சாப்பாடு தயார் என்று யாரோ அறிவித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஓஸ்லோ அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. கோபமே இல்லை. பேராசிரியரின் பதில்களைத் தான் ரசித்துப் படித்ததாக எழுதியிருந்தார். ஒரே ஒரு சந்தேகம்: இவர் பெயர் எந்தக் கிளையிலும் இல்லை, சோதனை மரத்தில் மட்டும் இருந்தது, எப்படி? சங்கரேஸ்வரி பதில் எழுதத் தொடங்கினாள். தென்காசிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முறையை விளக்கினாள். முன்னிலை என்பதற்கும் தலைமை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினாள். தாசில்தார் என்றால் யார் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கினாள். மூன்றாவது பக்கத்தில் பாண்டியின் பெரிய சித்தப்பா வந்தபோது நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, "தவறு என்னுடையது" என்று அனுப்பினாள்.

பாண்டி காபியைக் கொண்டுவந்து வைத்தான். சுண்ணாம்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிடவா என்று மட்டும் கேட்டான். அடிக்கட்டும், நீ இருக்கப்போகிற வீடுதானே என்றாள்.

அடுத்த வாரம் அவள் பெங்களூர் பஸ் ஏறினாள். கிளைகளை இணைக்கிற வேலையை இப்போது ஒரு சின்ன தானியங்கி ஸ்கிரிப்ட் செய்கிறது. இரண்டு கிளை மோதினால் இரண்டையும் வெளியே விட்டுவிட்டு இருவருக்கும் மெயில் போடுகிறது.

நன்றாகத்தான் வேலை செய்கிறது.